குயின் ரசிகர்களுக்கு, டீக்கன் கட்சியிலிருந்து ஒரு திறந்த மடல்

குயின் என்ற பிரிட்டன் ராக் இசைக்குழுவைக் கொண்டாடும் அன்பர்களுக்கு, முக்கியமாக ஃப்ரெடி கட்சிக்கும் பிரையன் கட்சிக்கும்,

வணக்கம்.

குயினில் யார் எழுதிய பாட்டு ஒசத்தி என்ற வழக்கு எப்போது எடுத்தாலும் இரண்டு பெயரோடுதான் ஆரம்பிக்கிறது. ஒரு பக்கம் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி, இன்னொரு பக்கம் கிட்டார் வாசித்த பிரையன் மே. நடுவில் யாராவது டிரம்ஸ் வாசித்த ரோஜர் டெய்லரை இழுத்தால் ஒரு சிரிப்பு. பேஸ் கிட்டார் வாசித்த ஜான் டீக்கன் பேச்சு வந்தால், "ஆமாம், அவரும் சில நல்ல பாட்டு எழுதியிருக்கார்" என்று ஓர் ஆறுதல் பரிசைக் கொடுத்துவிட்டு மறுபடி பழைய சண்டைக்கே போய்விடுகிறீர்கள். அந்த ஆறுதல் பரிசைத் திருப்பிக் கொடுக்கத்தான் இந்த மடல். முதல் பரிசே அவருக்குத்தான் வர வேண்டும் என்பது என் கட்சி.

சத்தம் போடாமல் கேளுங்கள்.

முதலில் ஃப்ரெடி கட்சி. உங்கள் கையில் 'பொஹீமியன் ராப்சடி' இருக்கிறது. 5 நிமிடம் 55 விநாடி ஓடும் பாட்டு. திரும்பத் திரும்ப வரும் பல்லவி என்று எதுவும் கிடையாது. நடுவில் ஓர் ஓபரா, அதைப் பதிவு செய்யவே சுமார் மூன்று வாரம். வானொலிக்கு இது ரொம்ப நீளம் என்று சொன்னவர்களை மீறி, 1975 கடைசியில் பிரிட்டனில் ஏறி ஒன்பது வாரம் முதலிடத்தில் உட்கார்ந்தது. சான்சிபாரில் ஃபரோக் புல்சாராவாகப் பிறந்து, நம் மகாராஷ்டிரத்துப் பஞ்ச்கனி விடுதிப் பள்ளியில் பியானோ பழகிய பையனின் தலைக்குள் இப்படி ஒன்று இருந்திருக்கிறது. 'சம்படி டு லவ்', 'கில்லர் குயின்', 'வி ஆர் த சாம்பியன்ஸ்' எல்லாம் அவருடையவைதான். 'க்ரேஸி லிட்டில் திங் கால்டு லவ்' பாட்டை மியூனிக் ஓட்டலில் குளியல் தொட்டியில் கிடந்தபடியே பிடித்தார் என்பதும் தெரிந்த கதை. மறுப்பேயில்லை.

ஆனால் ஒன்று கவனியுங்கள். இந்தப் பாட்டெல்லாம் ஃப்ரெடி தன் அளவுக்குத் தானே தைத்துக்கொண்ட சட்டை. தன் குரல் எங்கே ஏறும், எங்கே குழையும், எந்த இடத்தில் மூச்சை நிறுத்திக் கேட்பவனைத் தவிக்கவிடலாம் என்று அவருக்குத் தெரியும், அதற்கேற்ப எழுதினார். டீக்கனுக்கு அந்த வசதி கிடையாது. அவர் பாட மாட்டார். ஸ்டுடியோவில் மலைபோல அடுக்கிய அந்தக் கோரஸெல்லாம் மற்ற மூவரின் குரல். குழுவில் தான் எழுதிய வரியைத் தானே பாடிக் காட்ட முடியாத ஒரே ஆள் அவர். பியானோவிலோ கிட்டாரிலோ வாசித்துக் காட்டி, வரியைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான். அப்படிக் கைமாறிய பிறகும் தலைநிமிர்ந்து நிற்கிற பாட்டை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பிரையன் கட்சிக்கும் மரியாதை உண்டு. 'வி வில் ராக் யூ' பாட்டில் டிரம்ஸே இல்லை. லண்டன் வெசெக்ஸ் ஸ்டுடியோவில் பழைய பலகைகளின்மேல் காலால் மிதித்தும் கை தட்டியும் எடுத்த ஒலி அது. அதைப் பெரும் கூட்டமாகக் காட்ட, ஒவ்வொரு அடுக்கையும் பகா எண் விகிதத்தில் தள்ளித் தள்ளி வைத்தாராம். எதிரொலி மாதிரி கேட்காமல் ஆள் கூட்டம் மாதிரி கேட்க வேண்டும் என்பதற்காக. இசைக்காகப் பாதியில் விட்ட வானியற்பியல் ஆய்வை 2007-இல் முடித்து முனைவர் பட்டம் வாங்கிய மனிதர்; வேறு எப்படி யோசிப்பார்? 'தர்ட்டி நைன்' என்று நாட்டுப்புறப் பாட்டு மெட்டில் ஒரு விண்வெளிக் கதை வைத்திருக்கிறார்: பயணம் போனவர்களுக்கு ஒரு வருடம்தான் ஆகியிருக்கும், திரும்பி வந்து பார்த்தால் ஊரில் எல்லோருக்கும் வயதாகிப் போயிருக்கும். அதை நான் இன்றைக்கும் தொண்டை அடைக்காமல் கேட்டதில்லை. இருந்தாலும் பிரையனின் வரிகளில் அடிக்கடி ஒரு வாத்தியார் எட்டிப் பார்க்கிறார். அவர் கிட்டார் பேச ஆரம்பித்தால்தான் அந்த வாத்தியார் வாயை மூடுகிறார்.

சரி, என் ஆளுக்கு வருகிறேன்.

1971-இல் குழுவில் சேரும்போது டீக்கனுக்கு வயது 19. லெஸ்டர் பையன், லண்டனில் மின்னணுவியல் மாணவன், கடைசியாகச் சேர்ந்தவன். முதல் ஆல்பத்தின் உறையில் பெயரைக்கூடத் திருப்பிப் போட்டு 'டீக்கன் ஜான்' என்று அச்சிட்டார்கள். அப்படி இருந்தால் கவர்ச்சியாக இருக்குமாம்! முதல் இரண்டு ஆல்பத்திலும் அவர் எழுதிய பாட்டு ஒன்றுகூட இல்லை. மூன்றாவதில், 1974-இல், 'மிஸ்ஃபயர்' என்று இரண்டு நிமிடம்கூட ஓடாத ஒரு குட்டிப் பாட்டு. நன்றாகவே இருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த வருடம் வந்தது 'எ நைட் அட் தி ஓபரா'. இந்த இசைத்தட்டின் முதல் பக்கத்தில் மூன்றாவது பாட்டிலிருந்து ஐந்தாவது வரை வரிசையாகக் கேளுங்கள். மூன்றாவது, ரோஜரின் 'ஐ'ம் இன் லவ் வித் மை கார்'. தொண்டை கிழியக் காரைக் காதலிக்கும் பாட்டு, முடிவில் நிஜமாகவே எஞ்சின் உறுமும். ஐந்தாவது, பிரையனின் அந்த விண்வெளிப் பாட்டு. இரண்டுக்கும் நடுவில், நான்காவதாக, மின் பியானோ ஒன்று லேசாகத் துடிக்கத் தொடங்குகிறது. அது வுர்லிட்சர் என்ற சின்ன மின் பியானோ. ஃப்ரெடிக்கு அந்தக் கருவியைக் கண்டாலே ஆகாது. அருமையான கிராண்ட் பியானோ இருக்கும்போது இந்தப் பொம்மை எதற்கு என்று வாசிக்க மறுத்துவிட்டார். டீக்கன் சண்டை போடவில்லை. அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தானே பழகி, தானே வாசித்தார். அப்புறம் மேடையில் அதே பாட்டை ஃப்ரெடி தன் கிராண்ட் பியானோவில் வாசித்தார் என்பது வேறு விஷயம்.

பாட்டு, 'யூ ஆர் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்'. புதிதாகக் கல்யாணம் ஆனவர் தன் மனைவிக்காக எழுதியது. மூன்று நிமிடம்கூட இல்லை. வார்த்தைகளில் ஒரு வித்தையும் கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் பேஸ் கிட்டாரை மட்டும் தனியாகக் கவனியுங்கள். சாதாரணமாகப் பேஸ் தாளத்துக்குக் காவல் நிற்கும். இங்கே அது பாடுகிறது. ஃப்ரெடி ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் பேஸ் மேலே ஏறி ஒரு பதில் சொல்லிவிட்டு இறங்குகிறது. தன் வாயால் பாட முடியாத மனிதர் தன் பங்கை விரலால் பாடிவிட்டார் என்றே எனக்குக் கேட்கிறது. உங்கள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அந்த ஒரு கருவியை மட்டும் பிடித்தபடி கேட்டுவிட்டு அப்புறம் என்னோடு சண்டைக்கு வாருங்கள்.

1977-இல் 'ஸ்ப்ரெட் யுவர் விங்ஸ்'. மதுக்கடையில் தரை பெருக்கும் சாமி என்ற பையனை முதலாளி, "நீ யாருன்னு நினைச்சுக்கிட்டே?" என்கிற தொனியில் மட்டம் தட்டும் கதை. குயின் சிங்கிளாக, அதாவது ஆல்பத்திலிருந்து பிரித்துத் தனித்தட்டாக, வெளியிட்ட பாட்டுகளில் பின்னணிக் குரலே இல்லாமல் வந்தது இதுதான் முதல். யோசித்துப் பாருங்கள்: மூவர் குரலை மாடி மாடியாகக் கட்டிப் பேர் வாங்கிய குழு, டீக்கனின் இந்தப் பாட்டில் ஃப்ரெடியைத் தனியாக நிற்கவிட்டது. தனியாள் ஒருவனைப் பற்றிய பாட்டில் கோரஸ் எதற்கு? பிரிட்டனில் அது 34-ஆம் இடத்தோடு நின்றது. தரவரிசை பார்த்துப் பாட்டுக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் இதை என்மேல் எறியலாம், எறியுங்கள்.

ஏனென்றால் அடுத்தது தரவரிசைக்காரர்களுக்கே உரியது. அமெரிக்காவில் குயினுக்கு முதலிடம் கிடைத்தது இரண்டே பாட்டுக்குத்தான். இரண்டும் 1980-இல், இரண்டும் 'த கேம்' ஆல்பத்திலிருந்து. ஒன்று ஃப்ரெடியின் அந்தக் குளியல் தொட்டிப் பாட்டு. மற்றது டீக்கனின் 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்'. மூன்று வாரம் முதலிடம். அதை சிங்கிளாக விடச் சொன்னது மைக்கேல் ஜாக்சன் என்று குழுவினரே சொல்லியிருக்கிறார்கள். அவர் சொல்லும்வரை இவர்களுக்கே நம்பிக்கை இல்லை. ரோஜருக்கு இந்தப் பாணியே பிடிக்கவில்லை. டிரம்ஸுக்குள் போர்வையைத் திணித்து எதிரொலியே இல்லாத வறண்ட தட்டு கேட்டார் டீக்கன். கொஞ்சம் வாசித்ததை நாடாவில் சுற்றவிட்டு, அதன்மேல் பேஸ், ரிதம் கிட்டார், பியானோ என்று பெரும்பாலானவற்றைத் தானே வாசித்தார். கேட்டவுடன் அடையாளம் தெரிய அந்தப் பேஸின் முதல் மூன்று தட்டே போதும். மூன்றுமே ஒரே ஸ்வரம்! அப்புறம் வருகிறது ஓர் இடைவெளி. அந்த இடைவெளியைத்தான் நான் எழுத்து என்கிறேன். ஃப்ரெடியோ பிரையனோ அங்கே நிச்சயமாக எதையாவது கொண்டுவந்து நிரப்பியிருப்பார்கள்.

"அது ஷீக் குழுவிடமிருந்து எடுத்ததாச்சே" என்று ஒரு குரல் வரும், தெரியும். 1979-இல் ஷீக் வெளியிட்ட 'குட் டைம்ஸ்' பாட்டின் பேஸ் இதற்குத் தாய் என்பதில் சந்தேகமில்லை. டீக்கன் தங்களோடு ஸ்டுடியோவில் வந்து இருந்ததை அந்தக் குழுவின் பேஸ் கலைஞர் பெர்னார்ட் எட்வர்ட்ஸே சொல்லியிருக்கிறார். அவருக்கு அதில் வருத்தமில்லை. கறுப்பின இசைக்குழுவான ஷீக்தான் குயினைக் காப்பியடித்தது என்று பத்திரிகைகள் தலைகீழாக எழுதியதில்தான் அவருக்கு வருத்தம். அது நியாயமான வருத்தம், டீக்கன் கட்சிக்காரர்களான நாங்களும் அதை மறைக்கக் கூடாது. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஷீக்கின் பேஸ் சிரித்துக்கொண்டே ஆடுகிறது. டீக்கனின் பேஸ் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு, துப்பாக்கிச் சத்தத்துக்குக் காத்துக்கொண்டு, தெருவில் தனியாக நடக்கிறது. எடுத்த இடம் தெரிகிறது, கொண்டுபோய்ச் சேர்த்த இடம் வேறு.

இனி என் முக்கியமான புகாருக்கு வருகிறேன். 1984-இல் வந்த 'ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ'. மீசையோடு பாவாடை கட்டி, வீட்டில் தூசி உறிஞ்சியைத் தள்ளிக்கொண்டு வரும் ஃப்ரெடியைப் பார்க்காதவர் யார்? அந்தக் காட்சி எல்லோர் மனத்திலும் பதிந்துபோனதால், பாட்டே ஃப்ரெடியின் வாழ்க்கை வாக்குமூலம் என்று உங்களில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். எழுதியவர் டீக்கன். பெண் வேடத்தில் நடிக்கும் யோசனை ரோஜர் பக்கத்திலிருந்து வந்தது. பிரிட்டன் தொலைக்காட்சித் தொடரைக் கிண்டல் செய்த அந்தப் படம் புரியாமல் அமெரிக்கா முகம் சுளித்தது. பழியை ஃப்ரெடி வாங்கிக்கொண்டார், புகழையும் அவரே வாங்கிக்கொண்டார். டீக்கன் அந்தப் படத்தில் பாட்டி வேடத்தில் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். பேசாமல்.

பாட்டின் கட்டமைப்பைப் பாருங்கள். தனிப் பல்லவி கிடையாது. பழைய புளூஸ் பாட்டின் எலும்புக்கூட்டை எடுத்துக் கொஞ்சம் நீட்டி, அதன்மேல் மூன்று சரணம், நடுவில் ஒரு பாலம். தலைப்பு வரியே சரணத்தின் முதல் வரி. அதுவே பல்லவி போலக் காதில் விழுந்துவிடுகிறது. நடுவில் வரும் தனி வாசிப்பைப் பிரையன் கிட்டார் என்றே பலர் நினைக்கிறார்கள். அது ஃப்ரெட் மாண்டெல் என்ற கனடாக்காரர் சின்தசைசரில் வாசித்தது. குயின் பாட்டில் தனி வாசிப்பை வெளியாள் கையில் கொடுப்பது லேசான காரியமா? பிரையன் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று அவர் கட்சிக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக்கு எதிராக நின்றவர்கள் இதை விடுதலைப் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். அதே 1984-இல் குயின், நிறவெறியை எதிர்த்துக் கலைஞர்கள் கடைப்பிடித்த பண்பாட்டுப் புறக்கணிப்பை மீறி, அங்கே சன் சிட்டி என்ற கேளிக்கை நகரில் போய் வாசித்துக் கெட்ட பெயர் வாங்கியது. பாட்டு ஒரு பக்கம் நின்றது, பாடியவர்கள் இன்னொரு பக்கம் நின்றார்கள். இதற்கு டீக்கனும் பொறுப்புதான். அவரும் மேடையில் இருந்தார்.

எங்கள் கட்சியின் பலவீனத்தையும் நீங்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். 1985 ஜூலை 13, லண்டன் வெம்ப்ளி மைதானம், பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்ட் நிகழ்ச்சி. ராக் மேடையின் உச்சம் என்று இன்றைக்கும் பலர் சொல்லும் அந்த இருபது சொச்சம் நிமிடத்தில் ஃப்ரெடி பாட்டு உண்டு, பிரையன் பாட்டு உண்டு, ரோஜரின் 'ரேடியோ கா கா'வுக்கு எழுபதாயிரம் பேர் கை தட்டியதும் உண்டு. டீக்கன் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அது மைதானத்தை எழுப்பி நிறுத்துவதற்குத் தேர்ந்தெடுத்த வரிசை. டீக்கன் பாட்டு மைதானத்துக்கு எழுதியது இல்லை. வீட்டு வேலை செய்துகொண்டே, பஸ்ஸில் போய்க்கொண்டே கேட்பதற்கு எழுதியது.

இன்னொன்று, 1982-இன் 'ஹாட் ஸ்பேஸ்'. டீக்கனும் ஃப்ரெடியும் டிஸ்கோ பக்கம் குழுவை இழுத்துப் போய், பாதி ரசிகர்களைத் தொலைத்த ஆல்பம். அதில் டீக்கனின் 'பேக் சாட்' எனக்குப் பிடிக்கும், ஆனால் நீதிமன்றத்தில் அதைச் சாட்சியாகக் கொண்டுவர மாட்டேன். அதோடு அவர் எழுதியதே குறைவு. ஓர் ஆல்பத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. குறைவாக எழுதினார் என்பதைக் குறையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அது அவர் பக்க வாதமாகவே படுகிறது. மற்றவர்கள் ஆல்பத்தை நிரப்ப எழுதிய பாட்டுகளைக் கூட்டிக் கழித்து, சராசரி போட்டுப் பாருங்களேன்.

இந்தக் கணக்கு வெறும் ரசிகர் சண்டை இல்லை, காசுக் கணக்காகவும் இருந்தது. சிங்கிள் இசைத்தட்டில் பின்பக்கப் பாட்டை எழுதியவருக்கும் முன்பக்கத்துக்குச் சமமான ராயல்டி. 'பொஹீமியன் ராப்சடி'யின் பின்பக்கத்தில் இருந்தது ரோஜரின் கார் பாட்டு. ஆக, உலகமே ஃப்ரெடியின் பாட்டை வாங்க, ஒவ்வொரு தட்டுக்கும் ரோஜர் பைக்கும் அதே அளவு போனது. இது வருடக்கணக்கில் உள்ளே புகைந்துகொண்டிருந்ததைப் பிரையன் பின்னாளில் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். கடைசியில் 1989-இன் 'த மிரக்கிள்' ஆல்பத்திலிருந்து யார் எழுதினாலும் 'குயின்' என்றே போடுவது என்று முடிவு செய்தார்கள். சண்டை தீர்ந்தது. நமக்குத்தான் குழப்பம் வந்தது. 'த ஷோ மஸ்ட் கோ ஆன்' ஃப்ரெடி தன் சாவுக்குத் தானே எழுதிக்கொண்டது என்று நினைக்கிறவர்கள் எத்தனை பேர்! பெரும்பகுதி பிரையன் எழுதியது. 'தீஸ் ஆர் த டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' ரோஜருடையது. குரல் யாருடையதோ பாட்டும் அவருடையது என்று காது முடிவு கட்டிவிடுகிறது. பிரையன் கட்சிக்காரர்களே, இந்த அநியாயத்தால் நீங்களும் பாதிக்கப்பட்டவர்கள்தான். அதனால்தான் நீங்களாவது எங்கள் பக்கம் வருவீர்கள் என்று ஒரு நப்பாசை.

ரோஜர் கட்சிக்காரர்கள் கோபிக்க வேண்டாம். உங்கள் ஆள் நல்ல பாட்டுக்காரர், தாமதமாகப் பழுத்தவர். தனி மடலே எழுதலாம். அதை நீங்கள் எழுதுங்கள்.

பாட்டெழுதுவோருக்கான அமெரிக்கப் புகழ் மண்டபம் 2003-இல் குயினைச் சேர்த்துக்கொண்டபோது, குழுவின் நான்கு உறுப்பினரும் பாட்டெழுதியவர்களாகவே உள்ளே போனார்கள். டீக்கன் அதற்குள் எல்லாவற்றையும் விட்டு விலகிவிட்டார். ஃப்ரெடி 1991-இல் இறந்தபின் ஒன்றிரண்டு மேடை, 1997-இல் ஒரு கடைசிப் பாட்டுக்கு வாசிப்பு, அதோடு சரி. பேட்டி இல்லை, புத்தகம் இல்லை, "அந்தப் பாட்டு நான் எழுதியதாக்கும்" என்று நினைவூட்ட ஒரு வார்த்தை இல்லை. அவர் வாதாட மாட்டார். நாங்கள்தான் வாதாட வேண்டியிருக்கிறது.

ஆகவே ஒரே வேண்டுகோள். இனி வழக்கு நடக்கும்போது கட்சியின் பெயரோடு வராமல் பாட்டின் பெயரோடு வாருங்கள். ஃப்ரெடி கட்சி 'பொஹீமியன் ராப்சடி'யை மறுபடியும் மேசைமேல் வைத்தால் நான் அசைய மாட்டேன். 'லவ் ஆஃப் மை லைஃப்' என்று வந்தால் கொஞ்சம் தடுமாறுவேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பதில் தயார் செய்ய எனக்கு அவகாசம் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
டீக்கன் கட்சியில் ஒருவன்